இறுப்பிட்டிக்குப் பூப் பார்க்கப் போன நாள்

எங்கள் தீவில் சும்மா சைக்கிள் ஓடுகிறவர் எவரும் இருக்கவில்லை. சைக்கிள் என்றால் அதில் ஏதாவது ஏற்றியிருக்க வேண்டும்: மீன்பெட்டி, மண்ணெண்ணெய்க் கான், வெங்காயச் சாக்கு, ஓலைக்கட்டு, ஒன்றும் கிடைக்காவிட்டால் மனைவி. ஓர் அலுவலும் இல்லாமல், காற்று வாங்குவதற்காக மட்டும் சைக்கிளில் ஏறிப் போவது என்ற யோசனையை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு வந்தவர் என் மாமா. சொக்லேற், வாசனைச் சவர்க்காரம் ஆகியவற்றோடு அதையும் அவர் சுவிஸிலிருந்து கொண்டு வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, வெளிநாட்டுக்காரர் பிள்ளைகுட்டிகளோடு ஊர் பார்க்க வரத் தொடங்கிய காலம் அது. ஆவணி விடுமுறைக்கு வருவதற்கு வெகு முன்பே தொலைபேசியில் தன் திட்டத்தை அறிவித்துவிட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் பூந்தோட்டங்களுக்கு நடுவே போவார்களாம். வழியில் நின்று பூப் பார்ப்பார்களாம். கொண்டுபோனதைச் சாப்பிடுவார்களாம். பிறகு திரும்பி வந்துவிடுவார்களாம்.

"பூவைப் பிடுங்கிக்கொண்டு வாறேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

இல்லையாம். பார்ப்பது மட்டும்தானாம். அப்பா தொலைபேசியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "உம்மடை தம்பிக்கு அந்தக் குளிர் தலைக்கை ஏறிப்போச்சு" என்றார்.

போக வேண்டிய இடத்தையும் மாமாவே தீர்மானித்திருந்தார். புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கம் பூந்தோட்டங்கள் இருந்தன. ஒரு காலத்தில் புகையிலை நட்ட நிலத்தில் நாலைந்து குடும்பங்கள் செவ்வந்தியும் வாடாமல்லிகையும் கோழிக்கொண்டையும் வரிசை வரிசையாக நட்டு, கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றும் கேள்வி. அதை முதலில் தொடக்கியவர் என் பெரியம்மா. அம்மாவின் ஒரே அக்கா. நான் அவரை ஒரு நாளும் கண்டதில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் நான் அறிந்த காலம் முழுவதும் கதை பேச்சு இல்லை. இருவரும் சண்டை பிடித்ததை யாரும் பார்த்ததில்லை. சண்டை பிடித்திருந்தால் எப்போதோ சமாதானம் ஆகியிருப்பார்கள். பெரியப்பா மோசம் போனபோது அம்மா செத்த வீட்டுக்குப் போகவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அது பெரியாக்களின்ரை கதை, நீ போய்ப் படி" என்பார் அப்பா.

எங்கள் ஆட்களிடம் கலியாண வீட்டைத் தவறவிட்டால் மன்னிப்பு உண்டு. செத்த வீட்டைத் தவறவிட்டால் இல்லை. தவறவிட்டவர் அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு வேறு எதற்கும் போக முடியாது. முதலில் போய் அழ வேண்டும். அழாமல் போய், "என்ன அக்கா, சுகமோ?" என்று கேட்டுக் கதிரையில் உட்கார முடியாது. அம்மா அழப் போவதைத் தள்ளிப் போட்டார். முதலில் மாதக் கணக்கில், பிறகு வருடக் கணக்கில். இவ்வளவு காலம் கழித்து எந்த முகத்தோடு போய் அழுவது? கடைசியில் பெரியம்மாவைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் எழாமல் போயிற்று.

ஆகவே மாமா இறுப்பிட்டி என்றதும் அம்மா தொலைபேசியை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "நானும் வாறன்" என்றார்.

அப்பா சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பள்ளிக்கூடக் காலத்தில் அக்கா ஓடுவார், தங்கை பின் கரியரில் இருப்பார். பெரியம்மா கலியாணம் முடித்து இறுப்பிட்டிக்குப் போனபோது சைக்கிளும் கூடவே போய்விட்டது. அம்மா பஸ்ஸுக்கு மாறிவிட்டார்.

"இஞ்சாரும், நான் வான் பிடிச்சுத் தாறன். எல்லாரும் வானிலை போவம்" என்றார் அப்பா.

"வேண்டாம். வானிலை போனால் ஊர் முழுக்க விடுப்புப் பாக்கும், ஆர் ஆரிட்டைப் போகினம் எண்டு. இது சும்மா பூப் பாக்கப் போறது. ரோட்டாலை போகேக்கை அவவின்ரை படலை வந்தால் வரட்டும். அதோடை, வான் எண்டால் படலை வரைக்கும் போய்த் திருப்பச் சொல்லிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்."

அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் சைக்கிள் ஓடத் தெரிந்த, பின்னேரங்களில் வேலை இல்லாத ஒரே ஆள் நான்தான். நானும் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அம்மாமீது ஒரு பெரிய குறை இருந்தது. மற்றப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார்கள். வசதி இல்லாத வீட்டில்கூடப் பாயாசமாவது காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. அம்மா விடியவே கோயிலுக்குப் போய் வந்து, அன்று முழுவதும் வாய் திறவாமல் இருப்பார். சட்டை மட்டும் புதிது வரும். வேறு எந்த நாளிலும் பாயாசத்துக்குத் தடை இல்லை. தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் தாராளமாகக் காய்ச்சுவார். என் நாளில் மட்டும் அந்தப் பஞ்சம்.

"பழக்கிவிட்டால் என்ரை பிறந்தநாளுக்குப் பாயாசம் காய்ச்ச வேணும்" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முதல்லை இறுப்பிட்டிக்குப் போய்ச் சேருவம்" என்றார்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே ஒரு வெளி கிடந்தது. சூரியன் சாயும் நேரத்தில் அம்மா சீலைக் கரையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். நான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். "முன்னாலை பாருங்கோ! சில்லைப் பாக்காதையுங்கோ!" என்று நான் கத்த, அம்மா சில்லையே பார்த்துக்கொண்டு போய் ஒரு பனையில் முட்டுவார். அத்தனை பெரிய வெளியில் பனையைத் தேடிப் போய் முட்டுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அம்மாவிடம் இருந்தது. முழங்கால் உரஞ்சும். முழங்கை உரஞ்சும். வேலிக்கு மேலால் தலை நீட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, "இந்த வயசிலை உனக்கு ஏனடி இந்த வேலை?" என்று கேட்பார். அம்மா எழுந்து, சீலையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவார். நான் களைத்துப்போய், நாளைக்குப் பழகுவோம் என்று கெஞ்சினாலும் விட மாட்டார். எனக்கு அவரில் கோபம் கோபமாக வந்தது. பூப் பார்க்க இவ்வளவு ஆசையா ஒரு மனுசிக்கு?

ஒரு நாள் நான் கையை எடுத்துவிட்டேன். அம்மா அறியாமல் ஓடிக்கொண்டே போனார். வெளியின் அந்தத் தொங்கலில் திரும்பிப் பார்த்து, நான் இங்கே நிற்பதைக் கண்டு, பயந்துபோய் வழக்கமான பனையில் மோதினார். ஆனால் அன்றைக்குச் சிரித்தார். நான் அறிய அம்மா அப்படிச் சிரித்தது குறைவு.

மாமா வந்து சேர்ந்தார். மாமாவின் மகன் என் வயதுக்காரன். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவான். போகிற நாளன்று விடியற்காலையில் மாமா உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டையும் கிளிப்பச்சைச் சட்டையும் தலைக்கவசமும் போட்டு வாசலில் நின்றபோது, எங்கள் தெரு நாய்கள் அத்தனையும் ஒன்றாகக் கூடின. அயலில் இரவல் வாங்கிய சைக்கிள்களில் ஒன்றுக்கு பிறேக் இல்லை, ஒன்றுக்கு மட்காட் இல்லை, ஒன்றுக்கு மணி மட்டும் நன்றாக இருந்தது. மாமா, மாமாவின் மகன், நான், அயலட்டைப் பிள்ளைகள் சிலர், எல்லோருக்கும் முன்னால் அம்மா. அப்பா சைக்கிள் ஓட மறுத்து, ஓர் ஓட்டோ பிடித்து, அதில் தண்ணீரும் பாணும் சம்பலும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். யார் யார் விழுகிறார்களோ அவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவது தன் வேலை என்றார். அந்த ஓட்டோவில் ஏறுவதில்லை என்று நான் சபதம் எடுத்தேன்.

அம்மா சாம்பல் நிறத்தில் ஒரு நூல்சேலை கட்டியிருந்தார். பூவும் இல்லை, பொட்டும் சின்னது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன்சில்லுக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி நிலத்தைப் பார்த்தபடி மிதித்தார். பழக்கியவள் என்ற முறையில் அது விழாமல் இருப்பதற்கான கவனம் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அந்த முகம் வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

வேலணையில் ஒரு சந்தியில் கடை வைத்திருந்தவர் அம்மாவுக்குச் சின்னையா முறை. இரண்டு சகோதரிகளையும் சின்ன வயது தொட்டு அறிந்தவர். அவர் கடை வாசலில் நின்று நாங்கள் போவதைப் பார்த்தார். மாமா கை காட்டினார். சின்னையா கை காட்டவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அவர் மனத்தில் ஓடிய கணக்கு மிகவும் சரியானது. சைக்கிள் ஓடவே தெரியாத பெண், தலையில் பூ இல்லாமல், கூட்டத்துக்கு முன்னால், அதுவும் புங்குடுதீவுப் பாதையில் போகிறாள் என்றால் எதற்காகப் போவாள்? இத்தனை வருடமாக எந்த வாசலை மிதிக்காமல் இருந்தாளோ அந்த வாசலுக்கு அவளைக் கொண்டுபோகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். செத்த வீட்டுக்குப் போகிறவர்களை வழியில் மறித்து விசாரிப்பது எங்களிடம் வழக்கம் இல்லை. பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வதுதான் முறை. சின்னையா கடைப் பலகைகளைப் போட்டார். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொன்னார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தார்.

நாங்கள் வங்களாவடியைத் தாண்டும்போது எங்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டிகள் நாலைந்து வந்துகொண்டிருந்தன. ஒருவர் மனைவியையும் கரியரில் ஏற்றியிருந்தார். மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தியளோ சின்னக்கா! சனம் எவ்வளவு ஆர்வமாய் வருது! நாங்கள் தொடக்கி வைச்சால் காணும்!" என்று கத்தினார். பின்னால் திரும்பிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். வேட்டிக்காரர்கள் அவருடைய காற்சட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தாம்போதி வந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவே நீட்டாக ரோட்டு. சோளகக் காற்று நேரே முகத்தில் அடித்தது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது. உப்புத் தூவல் கண்ணில் எரிந்தது. அயலட்டைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓட்டோவில் ஏறினார்கள். கடைசியில் மாமாவின் மகனும் ஏறினான். எனக்குக் கால் இரண்டும் கழன்றுவிடும் போல் இருந்தது. ஆனால் முன்னால் அம்மா போய்க்கொண்டிருந்தார். நேற்றுப் பழகிய ஆள் போகும்போது பழக்கியவள் ஏறினால் வெட்கம் இல்லையா? நான் அந்தச் சாம்பல் நிறச் சேலையையே பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

அந்தச் சேலைதான் காலை வாரிவிட்டது. காற்றுக்கு அடித்த முந்தானை பின்சில்லில் சுற்றி, சங்கிலிக்குள் போய் இறுகிற்று. அம்மா சரிந்து விழுந்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அப்பா ஓட்டோவை நிற்பாட்டி ஓடிவந்தார்.

"காணும். இனி ஏறும். மிச்சத்துக்கு இதிலை போவம்" என்றார்.

"ஏலாது. நான் ஓடித்தான் போவன்."

மாமா சங்கிலியிலிருந்து சேலையை எடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில், சின்னையா வந்து சேர்ந்து சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார். அம்மாவின் அருகே வந்து, தாழ்ந்த குரலில், "மனதைத் திடப்படுத்து பிள்ளை" என்றார். பிறகு, "கொக்காவுக்கு என்ன வருத்தம் இருந்தது?" என்று அக்காவின் நோயைப் பற்றிக் கேட்டார்.

அம்மா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வேட்டிகளோடு நின்றவர்களையும் பார்த்தார். கரியரில் வந்த பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கிப்போயிற்று.

சின்னையா அம்மாவைப் பார்த்து ஒரு சாவை நினைத்துக்கொண்டார். இப்போது சின்னையாவைப் பார்த்து அம்மா அதே சாவை நம்பினார். ஒருவரிடமும் செய்தி இல்லை. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியும் என்று எண்ணினார்கள்.

"நேற்றுப் பின்னேரம் கதைச்சனான். நல்லாத்தானே இருந்தவா" என்று மாமா தடுமாறினார். தொலைபேசியை எடுத்துப் பெரியம்மாவுக்கு அழைத்தார். மணி போனது, ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அப்போதும் எடுக்கவில்லை. மாமா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா குனிந்து, சங்கிலிக்குள் மாட்டிய முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது கிழிந்து பாதி சங்கிலியோடு போயிற்று. மீதியை இடுப்பில் செருகினார். "இந்த முறையும் பிந்திப்போனன்" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஓட்டோவில் போனால் கெதியாகப் போகலாம் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். காற்றுக்குள் தலையைக் கொடுத்து, சீற்றை விட்டு எழும்பி நின்று மிதித்தார். அதை நான் பழக்கவில்லை. எனக்கே அப்படி ஓடத் தெரியாது. மாமாவின் விலை உயர்ந்த காற்சட்டை பின்தங்கியது. நான் அழுதுகொண்டு ஓடினேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. காணாத பெரியம்மாவுக்காக இல்லை. அம்மா முன்னால் போய் மறைந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

தாம்போதி முடிந்து, இறுப்பிட்டிப் பக்கம் திரும்பியதும், பனையோலை வேலிகளுக்கு உள்ளே மஞ்சள் தெரிந்தது. பிறகு ஊதா. பிறகு நல்ல சிவப்பு. வெயிலில் காய்ந்து வெளுத்துப்போன தீவில் அவ்வளவு நிறத்தை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. மாமா எங்களை எதைப் பார்க்கக் கூட்டி வந்தாரோ அது இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மா ஒரு படலைக்கு முன்னால் சைக்கிளைப் போட்டார். நிற்பாட்டவில்லை, போட்டார். படலை திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் இறைக்கும் மெசின் காது அடைக்க இரைந்துகொண்டிருந்தது. செவ்வந்தி வரிசைகளுக்கு நடுவில் ஒரு பெண் குனிந்து, மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வரிசைக்கு வரிசை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். மெசின் சத்தத்தில் அவருக்குத் தொலைபேசியும் கேட்கவில்லை, நாங்கள் வந்ததும் கேட்கவில்லை. பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தார்.

அது அம்மாவின் முகம்தான். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து இருந்தது.

பெரியம்மா கண்டது இதைத்தான்: வருடக் கணக்காக வராத தங்கை, கிழிந்த சேலையும் இரத்தக் கையுமாகப் படலையில் நிற்கிறாள். பின்னால் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி தம்பி. அதற்குப் பின்னால் சால்வையைத் தோளிலிருந்து எடுத்த பெரிய மனிதர்கள். பார்த்த எவரும் கேட்கக்கூடியதைத்தான் அவரும் கேட்டார். மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார்.

"ஆரடி மோசம்?"

அவ்வளவு காலத்துக்குப் பிறகு அக்கா தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா உயிரோடு நிற்கும் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"அத்தான்" என்றார்.

மண்வெட்டி வாய்க்காலுக்குள் விழுந்தது. அம்மா வரப்பையும் பாராமல் பூவையும் பாராமல் செவ்வந்திக்குள்ளால் ஓடினார். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ என்ரை அத்தான், உங்கடை முகத்தைக்கூடப் பாக்கேல்லையே" என்று குரல் வைத்து அழுதார். பெரியம்மா முதலில் மரம் போல நின்றார். பிறகு அவருடைய இரண்டு கைகளும் மெல்ல எழும்பி அம்மாவின் முதுகைப் பிடித்தன. "இப்பத்தான் வழி தெரிஞ்சதோடி உனக்கு? இப்பத்தான் தெரிஞ்சதோ?" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கரியரில் வந்த பெண்ணும் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு யார் செத்தது என்பது இன்னும் தெரியாது. அழுகை கேட்ட இடத்தில் அழுவது அவருக்குக் கைவந்தது.

மாமாவின் மகன் என் கையைச் சுரண்டி, "யார்... இறந்தது?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பெரியப்பா எப்போதோ செத்தவர் என்று நான் அறிவேன். ஒரு வேளை ஆட்கள் இரண்டாம் முறையும் சாவார்களோ என்று யோசித்தேன்.

அழுது ஓய்ந்த பிறகு பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தார். படலையில் கிடந்த சைக்கிளையும் பார்த்தார். "நீயோ ஓடி வந்தனி? தாம்போதியாலையோ? உனக்கு ஆர் பழக்கினது?"

அம்மா என்னைக் காட்டினார். பெரியம்மா என்னை அப்போதுதான் கண்டார். வெகுநேரம் பார்த்தார். "இவளோ?" என்றார். "ஓம், இவள்தான்" என்றார் அம்மா. பெரியம்மா கிட்ட வந்து என் நாடியைப் பிடித்து உயர்த்தினார். அவருடைய விரல்களில் செவ்வந்திச் சாறும் மண்ணும் மணத்தன.

சின்னையாவுக்கு இப்போது நடந்தது விளங்கியிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். "செத்த வீட்டுக்கு வந்தது வந்ததுதான். அழுகையும் கேட்டாச்சு. முழுகாமல் ஒருத்தரும் வீட்டை போகேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். மெசின் திரும்பவும் இரைந்தது. குழாயால் பாய்ந்த நல்ல தண்ணீரில் பெரிய மனிதர்கள், பிள்ளைகள், கிளிப்பச்சைச் சட்டையோடு மாமா, எல்லோரும் முழுகினோம். முழுகின தண்ணீர் வாய்க்காலால் ஓடிப் பூக்களுக்குப் போனது. எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்புக் கரிக்கும், இது இனித்தது. அங்கே கொண்டுபோன பாணையும் சம்பலையும் ஈரத் தலையோடு தின்றது போல ஒரு சாப்பாடு பிறகு எனக்கு வாய்க்கவில்லை. சுவிஸில் பூப் பார்க்கப் போனால் இப்படித்தானோ என்று மாமாவின் மகனிடம் கேட்டேன். இல்லை என்றான்.

பெரியம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன விருப்பம்? சொல்லு, காய்ச்சித் தாறன்" என்றார்.

"பாயாசம்" என்றேன். சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று முறைப்பாட்டையும் சேர்த்தேன். "என்ரை பிறந்தநாளுக்குக்கூட அம்மா காய்ச்சுறேல்லை."

துவட்டிய கை நின்றது. பெரியம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருக்காலும் காய்ச்சேல்லையோ?"

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். "அந்த ஒரு நாள்தான் அக்கா. அதுகும் அவையள் காய்ச்சினது. நான் வாயிலை வைக்கேல்லை. அதுக்குப் பிறகு இவளின்ரை நாளிலை நான் அடுப்பிலை பாயாசம் ஏத்தினதில்லை."

பெரியம்மா துவாயை என் தோளில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

பெரியப்பா மோசம் போன அன்றுதான் நான் பிறந்தேன் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். பிள்ளை பெற்றவள் அந்தத் தீட்டான துடக்கோடு செத்த வீட்டுக்குப் போக முடியாது. பெரியம்மா அதற்காகக் கோபிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும், அன்றைக்குத் தங்கை வருவாள் என்று பார்த்திருந்தார். ஆனால் அந்த முப்பத்தோராம் நாள்தான் இறுப்பிட்டியில் பெரியப்பாவின் அந்தியேட்டி, செத்தவருக்கான கிரியைகள் முடியும் நாள். அதே நாளில் ஊர்காவற்றுறையில், பிள்ளை பார்க்க வந்த அப்பாவின் ஆட்கள் வீடு நிறைந்திருந்தார்கள். அம்மாவைப் போக விடவில்லை. அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரத்தில், அங்கே பாயாசம் காய்ச்சுகிறார்கள் என்ற செய்தியை யாரோ கொண்டுவந்து பெரியம்மாவின் காதில் போட்டார்கள்.

இது ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. குசினி வாசலில் உட்கார்ந்து, சவ்வரிசி வேகும் மணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா முதல் பேணியை என் கையில் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டாவதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, உடனே குடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சூடு ஆறட்டும் என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

என் பிறந்தநாளுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. சைக்கிள் பழக்கின கூலி முன்கூட்டியே கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோசம்.